வடசென்னை வரலாறு: மதிலுக்கு வெளியே ஒரு பழைய நகரம்

1708ஆம் ஆண்டில் கர்நாடக நவாப் தாவூத்கான் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஐந்து ஊர்களைக் கொடுத்தார். திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு என்பவை அவை. அப்போது கோட்டையில் ஆளுநராக இருந்தவர் தாமஸ் பிட். பின்னர் 1717இல் டில்லி பாதுஷா ஃபரூக்சியரின் ஃபர்மான் இந்த ஊர்களின் மீது கம்பெனிக்கு இருந்த உரிமையை உறுதி செய்தது. கறுப்பர் நகரத்துக்கு, அதாவது இன்றைய ஜார்ஜ் டவுனுக்கு, மதில் எழும்பியது 1769க்குப் பிறகுதான். ஐதர் அலியின் குதிரைப்படை சென்னையின் வாசல்வரை வந்து போன அச்சத்தில் கட்டப்பட்டு, 1772 வாக்கில் முடிந்த மதில் அது. ஆக, மதிலுக்கு முதல் கல் வைத்தபோது வியாசர்பாடி சென்னையோடு சேர்ந்து இரண்டு தலைமுறை கழிந்திருந்தது. ஆனாலும் சென்னையின் பழைய நகரம் எது என்று கேட்டால் எல்லோரும் மதிலுக்கு உள்ளே இருப்பதைத்தான் காட்டுகிறோம். வியாசர்பாடியைச் சொல்வதற்கு ஆள் இல்லை. இந்தக் கணக்கு தவறு என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம்.

2004 முதல் ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதத்தில் சென்னை நாள் கொண்டாடப்படுகிறது. அதையொட்டி நடக்கும் மரபு நடைகள் பெரும்பாலும் விடியற்காலையில் தொடங்குகின்றன. அதற்குக் காரணம் உண்டு. ஜார்ஜ் டவுனில் கடைகள் திறந்து, மூட்டை வண்டிகள் வந்து நின்றுவிட்டால் தெருவே கண்ணுக்குத் தெரியாது. கதவுகள் சாத்தியிருக்கும் நேரத்தில்தான் மாடியின் மரத்தூண்களும், சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த வளைவுகளும், திண்ணையை மறித்துக் கடையாக்கிய சுவடும் புலப்படும். பாரிமுனையில் தொடங்கி, தம்புச் செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோயிலைப் பார்த்து, அரண்மனைக்காரத் தெருவில் 1772இல் எழுந்த ஆர்மேனியர் தேவாலயத்துக்குள் எட்டிப்பார்த்து, ஏழுகிணறு வீராசாமித் தெருவில் வள்ளலார் வாழ்ந்த வீட்டின் முன் நின்று, பழைய சிறைச்சாலை சாலைப் பக்கம் மாடிப்பூங்காவாக மிஞ்சியிருக்கும் மதில் துண்டோடு இத்தகைய நடை முடிந்துவிடும். இந்த நடைகளால் நகரத்துக்குப் பெரும் நன்மை விளைந்திருக்கிறது. பத்திரம் எழுதவும் மொத்த விலைக்குச் சரக்கு வாங்கவும் மட்டுமே அந்தப் பக்கம் போனவர்கள் தெருவை நிமிர்ந்து பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். ஆனால் நடை ஏன் மதிலோடு நிற்க வேண்டும்? ஐரோப்பாவின் பழைய நகரங்களில் மதிலும் வாசலும் மணிக்கூண்டும் உள்ள வட்டத்தை விடிகாலையில் சுற்றி வருவது பழக்கம். அந்தப் பழக்கத்தை நாமும் அளவுகோலாக எடுத்துக்கொண்டோம் என்பதே காரணம். அந்த அளவுகோலை ஐரோப்பாவிலேயே வைத்துப் பார்த்தாலும் அது சரியாக அளப்பதில்லை.

பிரான்சின் தெற்கில் கார்க்கசோன் என்ற ஊர் இருக்கிறது. ஓட் ஆற்றின் ஒரு கரையில், குன்றின் மேல், இரட்டை மதில் சூழ்ந்த கோட்டை நகரம். 19ஆம் நூற்றாண்டில் இடிந்து கிடந்த அதைக் கட்டடக் கலைஞர் வியோலே லு டுக் 1853 முதல் புதுப்பித்தார். 1997இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமானது. பயணிகள் அதிகாலையில் சுற்றுவது அங்கேதான். ஆற்றின் மறுகரையில் 13ஆம் நூற்றாண்டிலேயே அமைந்த கீழ்நகரம் ஒன்று உண்டு. கார்க்கசோனுக்குச் செல்வம் வந்தது அந்தக் கீழ்நகரத்திலிருந்துதான். அங்கே நெய்து சாயம் ஏற்றிய கம்பளித் துணி 17, 18ஆம் நூற்றாண்டுகளில் கப்பலேறித் துருக்கிய சுல்தானின் துறைமுகங்களுக்குப் போனது. குன்றின் மேல் மதில் வெறும் காவலாகச் சிதைந்துகொண்டிருந்த காலத்திலும் ஊருக்குச் சோறு போட்டது கீழே இருந்த தறிதான். ஆனால் படத்தில் வருவது மதில்.

வியன்னாவின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. அதன் மதிலுக்கு முன்னால், எதிரி ஒளிந்து நெருங்காமல் இருப்பதற்காக, கட்டடமே இல்லாத அகன்ற திடலை விட்டு வைத்திருந்தார்கள். 1857இல் பேரரசர் பிரான்ஸ் யோசப் மதிலை இடிக்க ஆணையிட்டார். அந்தத் திடலில்தான் நாடாளுமன்றமும் பல்கலைக்கழகமும் இசை நாடக அரங்கும் கொண்ட புகழ்பெற்ற வட்டச்சாலை எழுந்தது. சென்னையின் எஸ்பிளனேடு இதே தர்க்கத்தில் பிறந்த திடல். கோட்டையின் வடக்குச் சுவரை ஒட்டித்தான் முதல் கறுப்பர் நகரம் இருந்தது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தபோது அதில் ஒரு பகுதியை இடித்தார்கள். ஊர் திரும்பக் கைக்கு வந்ததும் ஆங்கிலேயர்கள் மிச்சத்தை இடித்தார்கள். பட்டணம் கோயில் என்று பெயர் பெற்றிருந்த சென்னகேசவப் பெருமாள் கோயில் 1757இல் போனது. அதற்கு ஈடாக, மணலி முத்துக்கிருஷ்ண முதலியாரின் முயற்சியில், இன்று பூக்கடைப் பக்கம் இருக்கும் சென்னகேசவர், சென்ன மல்லீஸ்வரர் இரட்டைக் கோயில்கள் எழுந்தன. 1758 இறுதியில் பிரெஞ்சுத் தளபதி லாலி முற்றுகையிட்டு, அடுத்த ஆண்டு தொடக்கத்தில் திரும்பிப் போனபின், வெற்றுத் திடலின் எல்லையை யாரும் மீறக் கூடாது என்று 1773இல் ஆறு எல்லைத் தூண்கள் நட்டார்கள். பாரிமுனையில் டேர் ஹவுஸ் வளாகத்தில் நிற்பது அவற்றில் ஒன்று. அந்தத் திடலில் 1892இல் உயர்நீதிமன்றமும், 1899இல் அதன் பக்கத்தில் சட்டக்கல்லூரியும் வந்தன. வியன்னாவின் வட்டச்சாலையைப் போற்றுகிறவர்கள் நம் எஸ்பிளனேடைப் பேருந்து நெரிசலாக மட்டுமே பார்க்கிறார்கள். ஒரு நகரம் அழிக்கப்பட்ட மண்ணின் மேல் நீதிமன்றம் நிற்கிறது என்ற செய்தி அங்கே ஒரு பலகையில் உரக்கச் சொல்லப்பட வேண்டியது.

ஆகவே ஜார்ஜ் டவுனே இரண்டாவது கறுப்பர் நகரம். முதலாவது திடலுக்கு அடியில் போய்விட்டது. இரண்டாவதற்குக் கட்டிய மதிலும் ஊரை முழுதாகச் சூழவில்லை. கிழக்கே கடல். தெற்கே கோட்டையின் பீரங்கிக்குத் தடையாக எதுவும் இருக்கக் கூடாது என்பதால் திறந்து விட்டார்கள். வடக்கிலும் மேற்கிலும் மட்டும் சுவர். ஒப்பந்தம் எடுத்துக் கட்டியவர் பால் பென்ஃபீல்டு. கட்டிய செலவை ஊர்க்காரர்களிடம் வரியாக வாங்கத் திட்டமிட்டார்கள், சட்டப்படி அதற்கு அதிகாரம் இல்லை என்று கைவிட்டார்கள். வரி வராவிட்டாலும் வால்டாக்ஸ் ரோடு என்ற பெயர் தங்கிவிட்டது, வ.உ.சி. சாலை என்று மாற்றிய பிறகும் வண்டிக்காரர் வாயில் அதுதான். யானைகவுனி வாசலும் பெயராக மட்டும் மிஞ்சியது. நூறு ஆண்டுகூட முழுதாக நிற்காத, இரண்டே பக்கம் இருந்த ஒரு படைச் சுவரை, ஒரு நகரத்தின் பழமை எங்கே முடிகிறது என்று தீர்மானிக்கும் கோடாக வைத்துக்கொள்வது எவ்வளவு பலவீனமான ஆதாரம் என்று இதிலேயே தெரியும்.

பிறகு எதை ஆதாரமாகக் கொள்வது? சென்னை எதற்காக உண்டானதோ அதை. 1639இல் பிரான்சிஸ் டே இந்த மணல்மேட்டைத் தேர்ந்தெடுத்ததற்குத் துறைமுக வசதி காரணமாக இருக்க முடியாது. கப்பல் நங்கூரம் பாய்ச்சினால் சரக்கை மசூலாப் படகில் அலை தாண்டிக் கொண்டுவர வேண்டிய கரை இது. இங்கே பருத்தித் துணி மலிவாகக் கிடைத்ததுதான் காரணம். அந்தத் துணியை வாங்கி விற்ற செட்டிகளும் துபாஷிகளும் மதிலுக்கு உள்ளே இருந்தார்கள், அவர்கள் பெயரில் தெருக்கள் இருக்கின்றன. அதை நெய்தவர்களும் வெளுத்தவர்களும் வெளியே. ஆளுநர் ஜோசப் காலட் திருவொற்றியூர்ப் பக்கம் நெசவாளர்களைக் குடியமர்த்தியதுதான் காலடிப்பேட்டை. 1734இல் சிந்தாதிரிப்பேட்டை அதே நோக்கத்தோடு உருவானது. ஏற்றுமதிக்கு முன் துணியை வெளுத்துக் காயப்போடத் தண்ணீரும் பரந்த வெளியும் வேண்டும். அந்த வேலைக்காரர்களின் ஊர்தான் வண்ணாரப்பேட்டை. தெருக்கள் யாருக்குச் சொந்தம் என்று வலங்கை, இடங்கைச் சாதிகள் 1707இல் மோதியபோது கம்பெனியின் வியாபாரமே முடங்கும் நிலை வந்து, தாமஸ் பிட் தலையிட வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டுதான் அதே பிட் வியாசர்பாடி உள்ளிட்ட ஐந்து ஊர்களைப் பெறுகிறார். உள்ளே யார் எங்கே இருப்பது என்பதும் வெளியே எந்த ஊர் சேர்வது என்பதும் ஒரே அலுவலக மேசையில் தீர்மானமானவை.

19ஆம் நூற்றாண்டில் இந்த வெளிப்புறம் வேகமாக வளர்ந்தது. பேசில் காக்ரேன் 1801இல் தொடங்கி வெட்டிய கால்வாய் 1806இல் எண்ணூர் வரை எட்டியது. படகுகள் வந்து தங்கிச் சரக்கு இறக்கிய நீர்த்துறை இருந்த இடத்தில்தான் பேசின்பிரிட்ஜ் பெயர் பெற்றது. சவுக்கு விறகும் உப்பும் கிளிஞ்சலும் இந்த நீர்வழியில் வந்தால்தான் மதிலுக்குள் அடுப்பு எரியும், சுவருக்குச் சுண்ணாம்பு கிடைக்கும். 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியது. அந்த நிலையமும் வடக்கு மதிலுக்கு வெளியேதான். அதே ஆண்டில் பெரம்பூரில் ரயில்வே பணிமனை. 1876இல் பக்கிங்காம் ஆலை, 1881இல் கர்நாடிக் ஆலை. இரண்டையும் நடத்திய பின்னி கம்பெனியின் புகைபோக்கிகள் புளியந்தோப்புக்கும் ஓட்டேரிக்கும் நடுவே எழுந்தன. 1877, 78 தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு மண் வெட்டிய மக்களின் உழைப்பால் கால்வாய் நகரத்தின் ஊடே அடையாறு வரை நீண்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரை அதற்கும் வைத்தார்கள். பஞ்சம் பிழைக்கச் செங்கல்பட்டிலிருந்தும் வடார்க்காட்டிலிருந்தும் வந்து ஆலையிலும் பணிமனையிலும் சேர்ந்தவர்கள் குடியேறிய ஊர்களில் ஒன்றுதான் வியாசர்பாடி. தண்டவாளமும் கால்வாயும் எருக்கஞ்சேரி நெடுஞ்சாலையும் அதை மூன்று பக்கமும் வளைத்துப் பிடித்திருக்கின்றன. மதிலுக்குள் விற்ற துணி அதுவரை சிற்றூர்த் தறியில் நெய்யப்பட்டது, இனி இங்கே இயந்திரத்தில். மாறியது உற்பத்தி முறை. உள்ளே வணிகம், வெளியே உழைப்பு என்ற உறவு 1639இல் தொடங்கியது, அப்படியே இருந்தது.

இந்த உறவு வெறும் பொருளாதாரமாக நிற்காமல் நாட்டின் சட்டமாகவே மாறிய தருணம் ஒன்று உண்டு. 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் அழைக்க, பி.பி. வாடியா தலைவரானார், திரு.வி.க. துணைத்தலைவர்களில் ஒருவர். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று வரலாற்றாசிரியர்கள் இதைக் குறிக்கிறார்கள். தொழிலாளர்களை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்று வாடியா மீது பின்னி வழக்குப் போட்டது. உயர்நீதிமன்றம் தடையாணை கொடுத்தது. சங்கம் வைப்பதே சட்டவிரோதச் சதியாகிவிடும் என்ற நிலை தெளிவானதும் என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் குரல் எழுப்பினார். அதன் விளைவே 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம். தடையாணை பிறந்த கட்டடம் எஸ்பிளனேடில், பழைய நகர நடையின் முதல் அரை மணியிலேயே கண்ணில் படும் செங்கல் கோபுரங்களுக்கு அடியில். அந்த ஆணை யாரைப் பற்றியதோ அவர்கள் வாழ்ந்தது புளியந்தோப்பிலும் பட்டாளத்திலும் வியாசர்பாடியிலும். கோபுரத்தைப் பார்த்துவிட்டு அவர்களைப் பார்க்காமல் திரும்பினால் வழக்கின் ஒரு கட்சிக்காரரை மட்டும் கேட்டுத் தீர்ப்பெழுதியது போலத்தான்.

வெளிப்புறத்தைப் புனிதமாக்கிக் காட்டுவதும் வரலாறாகாது. 1921இல் ஆலை வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டபோது தொழிலாளர் சாதி வழியாகப் பிளந்தார்கள். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பலர் வேலைக்குத் திரும்ப, சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் வேலைநிறுத்தத்தில் நின்றார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. கடனும் பசியும் நெருக்க, சங்கத்தில் தமக்குச் சம இடம் இல்லை என்ற நியாயமான ஐயத்தோடு இருந்தவர்களைக் கருங்காலிகள் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்ட எழுத்துகள் நம்மிடம் நிறைய உண்டு. எம்.சி. ராஜா அந்த மக்கள் சார்பில் எழுப்பிய கேள்விகள் அந்த எழுத்துகளில் அடிக்குறிப்பாகக்கூட இல்லை. கறுப்பர் நகரத்துக்குள் 1707இல் வலங்கை இடங்கையாக வெடித்த பிளவு, இருநூறு ஆண்டுக்குப் பின் ஆலை வாசலில் வேறு உருவத்தில் வந்தது. உள்ளும் வெளியும் ஒரே சமூகத்தின் இரண்டு பகுதிகள் என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று வேண்டியதில்லை.

இப்போது எதிர்வாதங்களுக்கு வரலாம். முதலாவது: வியாசர்பாடியில் பார்க்க என்ன இருக்கிறது? சூரியன் வழிபட்டதாகத் தலபுராணம் சொல்லும் இரவீஸ்வரர், மரகதாம்பாள் கோயிலைத் தவிர, பழைய கட்டடம் என்று விரல்விட்டுக் காட்ட அதிகம் இல்லை என்பது உண்மை. ஓலைக் குடிசைக்கும் ஓட்டு வீட்டுக்கும் நூறு ஆண்டு ஆயுள் கிடையாது. ஆலைகள் 1996இல் மூடிக் கிடந்து பிறகு இடிந்தன. ஆனால் கட்டடத்தின் வயதுதான் அளவு என்றால் போலந்தின் வார்சா பழைய நகரத்தை என்ன செய்வது? 1944இல் ஜெர்மானியப் படை அதைத் தரைமட்டமாக்கியது. இன்று அங்கே பயணிகள் பார்ப்பதெல்லாம் போருக்குப் பின், 18ஆம் நூற்றாண்டு ஓவியங்களையும் பழைய அளவைப் படங்களையும் வைத்து மறுபடி கட்டியவை. 1980இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் அது சேர்ந்தபோது, அந்த மக்கள் தங்கள் ஊரை மறுபடி எழுப்பிய செயலே மதிப்புக்குரியது என்று ஏற்றுக்கொண்டார்கள். அந்த நியாயம் நமக்கும் பொருந்தும். தெருவின் போக்கு, கால்வாயின் வளைவு, ரயில் மேட்டின் கோடு ஆகியவை கட்டடத்தைவிட உறுதியான ஆவணங்கள். அவை வியாசர்பாடியில் அழியாமல் இருக்கின்றன.

இரண்டாவது எதிர்வாதம் இதைவிடக் கனமானது. வெளியே இருப்பதையெல்லாம் சேர்த்தால் எல்லை எங்கே? ஆவடியும் அம்பத்தூரும் பழைய நகரமா? எல்லை வேண்டும்தான். மதிலுக்குள் இருந்த ஊர் தன் அன்றாட வாழ்வுக்கும் வணிகத்துக்கும் யாரை நம்பியிருந்ததோ, மதில் நின்ற காலத்திலோ அது இடிந்த தலைமுறையிலோ யாரோடு ஒரே நிர்வாகத்தில் இணைந்திருந்ததோ, அதுவரை பழைய நகரம். இந்த இரண்டு சோதனைகளிலும் ஆவடி தோற்கும், அம்பத்தூர் தோற்கும். வண்ணாரப்பேட்டை, ராயபுரம், தண்டையார்பேட்டை, பெரம்பூர், வியாசர்பாடி தேறும். நுங்கம்பாக்கத்தை மட்டும் நான் சந்தேகத்தோடு விடுகிறேன். 1708 ஆவணத்தில் அதுவும் இருக்கிறது, ஆனால் அது தோட்ட வீடுகளின் திசையில் வளர்ந்தது, கறுப்பர் நகரத்தோடு அதன் உறவு மெலிந்தது.

மதிலின் உள்ளுக்கும் வடக்கு வெளிப்புறத்துக்குமான உறவோ 20ஆம் நூற்றாண்டிலும் அறுபடவில்லை. மதிலுக்குள் முதல் மின்விளக்குகள் எரியப் பேசின்பிரிட்ஜில் நிலக்கரி எரிந்தது. 1960களில் பர்மாவிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய தமிழர்களில் பலர் வியாசர்பாடியில் குடியமர்ந்தார்கள். அவர்களில் பலருக்குப் பிழைப்பு கிடைத்தது கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே 1969இல் உருவான பர்மா பஜாரில், அதாவது ஜார்ஜ் டவுனின் கிழக்கு விளிம்பில். இரவில் வீடு வெளியே, பகலில் கடை உள்ளே. 18ஆம் நூற்றாண்டின் அதே ஏற்பாடு, ரங்கூனிலிருந்து வந்தவர்களைக் கொண்டு மறுபடி. இன்று மாநகரத்தின் வடபாதிக் குப்பை போய்ச் சேரும் கொடுங்கையூர்க் கிடங்கும் வியாசர்பாடிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. உள்ளே தேவையில்லாததை வெளியே தள்ளும் வழக்கத்துக்கும் வயது அதிகம்.

கடைசி எதிர்வாதம்தான் என்னை மிகவும் யோசிக்க வைப்பது. பழைய நகரம் என்று முத்திரை குத்தினால் அங்கே இருக்கும் ஏழைகளை அதுவே வெளியேற்றிவிடாதா? வெனிஸைப் பார்க்கிறோம். 1950களின் தொடக்கத்தில் அதன் வரலாற்று மையத்தில் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். 2022இல் அந்த எண்ணிக்கை 50,000க்குக் கீழே இறங்கிவிட்டது. வீடுகள் விடுதிகளாயின, தெரு பயணிகளுக்குப் போனது. நம்மிடம் பாரம்பரியம் என்ற பெயரே இல்லாமல் அந்த வேலை நடக்கிறது. கால்வாய்க் கரையிலும் கூவக் கரையிலும் இருந்த குடும்பங்கள் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும், பள்ளியும் வேலையும் அறுந்துபோகும் தூரத்துக்கு, அனுப்பப்பட்டிருக்கிறார்கள். அப்படி அனுப்ப முடிகிறது என்றால் ஒரு காரணம், அவர்கள் இருந்த இடத்துக்கு வரலாறு எதுவும் இல்லை என்று எல்லோரும் நம்புவது. ஆக்கிரமிப்பு என்று ஒரு கோப்பில் எழுதிவிட்டால் முடிந்தது. 1708இல் பெயரோடு ஆவணத்தில் ஏறிய ஊர், 1918இல் நாட்டுக்கே தொழிற்சங்கத்தைக் கொடுத்த மக்களின் ஊர் என்று பதிவு இருக்குமானால், அந்தக் கோப்பை எழுதுகிறவர் கை சற்றுத் தயங்கும். ஆகவே வியாசர்பாடிக்கு வேண்டிய பாரம்பரியப் பட்டியலில் முதல் வரி கட்டடமாக இருக்கக் கூடாது. அங்கே வாழ்கிறவர்கள் அங்கேயே வாழும் உரிமைதான் முதல் வரி. கால்வாயைத் தூர்வாருவதும், ஆலை இருந்த இடத்திலும் சங்கம் கூடிய இடங்களிலும் தமிழில் பலகை வைப்பதும், அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி மாணவர்களைக் கொண்டு ஆலைத் தொழிலாளர் குடும்பங்களின் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்வதும் அதற்கு அடுத்தவை. ஆலையில் வேலை பார்த்த கடைசித் தலைமுறைக்கு இப்போது அறுபதைத் தாண்டியிருக்கும். கேட்பதற்கு அதிக காலம் இல்லை.

மரபு நடையை ஏற்பாடு செய்கிறவர்களுக்கு இதில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. எஸ்பிளனேடில் தொடங்கும் நடை மாடிப்பூங்காவில் நிற்காமல், வடக்கே ராயபுரம் நிலையத்தைத் தொட்டு, வண்ணாரப்பேட்டை வழியாக மேற்கே திரும்பிப் பேசின்பிரிட்ஜில் கால்வாயைக் கடந்து வியாசர்பாடிக்குள் போகலாம். தூரம் அதிகம்தான், இரண்டு காலைகளாகப் பிரித்துக்கொள்ளலாம். அடுத்த அத்தியாயத்தில் அந்தக் கால்வாயில் படகு இழுத்தவர்களையும், எண்ணூர் உப்பளங்களிலிருந்து அவர்கள் கொண்டுவந்த சரக்கையும் பார்ப்போம்.

(தொடரும்)